குதிருக்குப் போட்ட பாலம்

சான் தெல்மோ என்ற மீனவ ஊரின் கடற்கரைத் தெருவில் நடக்கும் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"இந்தக் குட்டிக் குட்டிக் கல் வீடுகள்ல யாரு குடியிருக்காங்க?"

"மக்காச்சோளம்!" என்பான் ரொய்.

கேட்டவர்கள் சிரிப்பார்கள். ரொய்க்கு அது போதும். அதற்கு மேல் அவனை நிறுத்தவே முடியாது.

சனிக்கிழமைதோறும் பள்ளியிலிருந்து இரண்டு பிள்ளைகள் வெளியூர்க்காரர்களைக் கடலோரமாக நடத்திக் கூட்டிப்போய், அந்தக் கல் வீடுகளான பழைய மக்காச்சோளக் குதிர்களைக் காட்ட வேண்டும். நவம்பர் மாதத்து அந்தச் சனிக்கிழமை ரொய்யின் முறை. அவனோடு அன்தியா. அன்தியாவுக்குப் பத்து வயது. இதுதான் அவளுக்கு முதல் நடை.

"முன்னால நான் போறேன். நீ பின்னால வா. யாரும் கடல்ல விழாம பாத்துக்க" என்றான் ரொய்.

"ஏன், நான் முன்னால போனா என்னவாம்?"

"நீ பேச ஆரம்பிச்சா பொழுது சாஞ்சிடும். இவங்க பஸ் அஞ்சு மணிக்கு."

"நீ மட்டும் என்ன ஊமையா?" என்றாள் அன்தியா. ஆனாலும் பின்னால்தான் போனாள். அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ரொய் முதல் குதிரின் அருகே நின்று தொண்டையைச் செருமினான்.

"பாருங்க, கருங்கல் கால்ங்க. ஒவ்வொரு கால் மேலயும் தட்டையா ஒரு வட்டக் கல். எதுக்கு? எலி காலைப் பிடிச்சு ஏறி வரும். தட்டுக்கு அடியில வந்ததும் தலைகீழா நடக்கணும். நடக்க முடியுமா? தொப்!"

தொப் என்றதும் அவனே தரையில் விழுந்து காட்டினான். கூட்டம் கைதட்டியது.

"இருநூறு வருஷமா எங்க ஊர் எலிங்க இப்படித்தான் விழுந்துகிட்டிருக்கு. இன்னும் ஒண்ணுக்கும் புத்தி வரல."

இப்படியே பேசிக்கொண்டு தெருவின் கடைசிக்கு வந்துவிட்டார்கள். அங்கேதான் தொசிந்தா அத்தையின் குதிர் இருக்கிறது. ஊரிலேயே பெரியது அதுதான். கடலை ஒட்டி நிற்கிறது. கடல் ஏறி வரும் வேளையில் அதன் கால்களைத் தண்ணீர் தொட்டுவிட்டுப் போகும். மரச் சட்டங்களால் ஆன சுவர்களில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். கடற்காற்று அதன் வழியாக உள்ளே போய்க் கதிர்களைக் காய வைக்கும்.

தொசிந்தா அத்தை கையில் பெட்டியோடு முற்றத்தில் நின்றார்.

"அன்தியா, இங்க வா. நான் விகோவுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். வர புதன்கிழமை ஆகும். இவங்க பாத்து முடிச்சதும் குதிர்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போடணும். மறந்துடுவியா?"

"மறக்கவே மாட்டேன் அத்தை."

"ரொய்கிட்ட சொல்லல. உன்கிட்ட சொல்றேன். புரியுதா?"

அன்தியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை அவ்வளவு எளிதில் யாரையும் நம்புகிறவர் அல்ல.

குதிருக்கு ஏறக் கல் படிகள் இருந்தன. ஆனால் கடைசிப் படி கதவைத் தொடவில்லை. நடுவில் ஒரு எட்டு தூரம் வெறும் காற்று.

"கொத்தனார் கணக்குல கோட்டை விட்டுட்டாரா?" என்று ஒரு தொந்திக்காரர் கேட்டார்.

"அது எலிக்காகத்தான்! படி கதவைத் தொட்டா எலி நம்மளோட சேர்ந்து ஏறிடுமே! நமக்கு இது ஒரு எட்டு. எலிக்குப் பாதாளம்" என்றான் ரொய்.

ஒவ்வொருவராக ஏறி, அந்த ஒரு எட்டைத் தாண்டி, உள்ளே பார்த்துவிட்டு இறங்கினார்கள். பார்த்தவர்களை ரொய் கடற்கரைச் சிலுவைத் தூணைக் காட்ட அழைத்துப் போனான். கடைசியில் ஒரே ஒரு சிறுமி மட்டும் படிக்குக் கீழே நின்றாள். இரண்டு பக்கமும் ஊன்றுகோல். பெயர் லூவா.

"நீ பாக்கலயா?" என்று கேட்டாள் அன்தியா.

"படி ஏறிடுவேன். அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. பரவாயில்ல. எனக்கு இதெல்லாம் பழக்கம்தான்."

அந்தப் 'பரவாயில்லை' அன்தியாவுக்குப் பிடிக்கவே இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அப்படிப் பழகிப்போவது என்ன நியாயம்?

"இங்கயே இரு. இதோ வந்துட்டேன்!"

மணலில் ரொய்யின் அப்பா பிரைஸின் படகு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், உட்காரப் போடும் நீலப் பலகை கிடந்தது. அன்தியா அதை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, கடைசிப் படிக்கும் கதவுக்கும் நடுவே குறுக்காகப் போட்டாள். மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்தாள். அசையவில்லை.

"வா! நான் இடுப்பைப் பிடிச்சுக்கிறேன்."

லூவா படிப்படியாக ஏறினாள். பலகை மேல் ஒரு ஊன்றுகோல், ஒரு கால், இன்னொரு ஊன்றுகோல். உள்ளே போய்விட்டாள்! சட்டங்களின் இடைவெளியில் வெயில் கோடு கோடாக இறங்கியது. கதிர்க் குவியல் மேல் கோடு, சுவரில் கோடு, லூவாவின் கை மேலும் கோடு.

"ஐயோ, வரிக்குதிரைக்குள்ள வந்த மாதிரி இருக்கு!" என்றாள் லூவா. அவள் சிரித்த சிரிப்பில் அன்தியாவும் சிரித்துவிட்டாள்.

அப்போது பஸ் ஹாரன் அடித்தது. ஒரு முறை, இரண்டு முறை. "லூவா! எங்க இருக்கே?" என்று அவள் அம்மாவின் குரல். இருவரும் அவசர அவசரமாக இறங்கினார்கள். அன்தியா மட்டும் திரும்ப மேலே ஓடிக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தாள். பிறகு பஸ்ஸுக்குக் கையசைக்கத் தெருமுனைக்கு ஓடினாள்.

தாழ்ப்பாளை அவள் மறக்கவில்லை. பலகையைத்தான் மறந்தாள்.

அதுவும் நான்கு நாட்களுக்கு அவளுக்கு நினைவே வரவில்லை.

தொசிந்தா அத்தையின் குரல் சாதாரண நாளிலேயே கடலில் மட்டி வளர்க்கும் மிதவைகள் வரை கேட்கும். புதன்கிழமை மாலை அதற்கும் அப்பால் கேட்டது. பள்ளி விட்டு வந்த அன்தியா, ரொய் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்து நின்றாள். அத்தையின் கையில் நீலப் பலகை இருந்தது.

அன்தியா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"இது யாரோட பலகை?" என்று கேட்டார் அத்தை.

"எங்களோடதுதான். எங்க போச்சுன்னு நானும் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார் பிரைஸ்.

"என் குதிர்ல இருந்துச்சு! படிக்கும் கதவுக்கும் நடுவுல! ஊர்ல இருக்கிற எலிக்கெல்லாம் பாலம் கட்டி விருந்து வெச்சிருக்கான் உன் புள்ள!"

"நான் வைக்கல!" என்று கத்தினான் ரொய்.

"பின்ன? பலகை தானா நடந்து வந்து படியேறிச்சா?"

கதவு தாழிட்டிருந்தால் என்ன? கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. இருநூறு வருடமாக அதை யாரும் அடைக்கவில்லை. எலியே வரமுடியாத இடத்தில் எதை அடைப்பது? பலகை வந்ததும் எலிகளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

அதோடு, இந்த வருடம் அத்தை கதிர்களைத் தோகை உரிக்காமலேயே குதிரில் ஏற்றியிருந்தார். மகன் செல்சோ அயர்லாந்துப் பக்கம் ஆழ்கடல் மீன்பிடிக்கப் போயிருந்தான். கிறிஸ்துமஸுக்கு அவன் வந்ததும் சேர்ந்து உரிக்கலாம் என்று விட்டு வைத்தார். இப்போது எந்தத் தோகைக்குள் நல்ல கதிர் இருக்கிறது, எதற்குள் எலி கூடு கட்டியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

"மே மாசம் ஆனா வருவீங்க இல்ல, 'தொசிந்தா, விதை குடு, தொசிந்தா, விதை குடு'ன்னு? இனிமே எலிகிட்டப் போய்க் கேளுங்க!" என்றார் அத்தை. அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "என் அம்மா வெச்சிருந்த விதை. இத்தனை வருஷம் ஒரு தடவையும் விட்டதில்ல."

ஊரில் எல்லார் வயலிலும் விளைவது அந்த வெள்ளை மக்காச்சோளம்தான். மற்றவர்கள் குதிரில் மாவுக்குத்தான் வைப்பார்கள். விதைக்கு அத்தையின் குதிர்தான். அதற்குத்தான் நல்ல காற்று.

பிரைஸ் மகனைப் பார்த்தார். "இனிமே சனிக்கிழமை நடைக்கு நீ போக வேண்டாம்."

"அப்பா, சத்தியமா நான் இல்லப்பா!"

யாரும் நம்பவில்லை. போன மாதம் தேவாலயத்துத் தீர்த்தத் தொட்டியில் நண்டை விட்டவன் அவன். நம்பச் சொன்னால் எப்படி நம்புவார்கள்?

'நான்தான் அத்தை' என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. அன்தியா பள்ளிப் பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள். கூட்டம் கலைந்தது. அவளும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று அம்மா மத்தி மீன் அடைத்த மக்காச்சோள ரொட்டி செய்திருந்தார். அன்தியாவுக்கு உயிர் அது.

"அம்மா, இந்த மாவு எங்கேருந்து வந்துச்சு?"

"எங்கேருந்து வரும்? நம்ம வயல்லேருந்துதான். விதை தொசிந்தா குடுத்தது. ஏன் கேக்கிறே?"

"ஒண்ணுமில்ல."

ஒரு வாய்தான் வைத்தாள். மீதியைத் தட்டோடு தள்ளி வைத்தாள்.

மறுநாள் காலையில் ரொய் கடற்சுவர் மேல் உட்கார்ந்து கடலுக்குள் கல்லெறிந்துகொண்டிருந்தான். அன்தியா அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"ரொய், பலகையை வெச்சது நான்."

கல்லை எறியப்போன கை அப்படியே நின்றது.

"அந்தக் கோல் ஊன்றி வந்த பொண்ணு உள்ள பாக்கணும்னு வெச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

"நேத்து நீ அங்கதானே நின்னே?"

"ம்."

"என்னை எல்லாரும் திட்டுறப்போ?"

"ம்."

ரொய் கையிலிருந்த கற்களை மொத்தமாகக் கடலில் போட்டான்.

"அந்த நண்டை விட்டது நான்தான். அதுக்குத் திட்டு வாங்கினப்போ எனக்கு ஒண்ணுமே தோணல. செய்யாததுக்குத் திட்டு வாங்கினா எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

அன்தியா அழுதுவிட்டாள்.

"அழாத! நீ அழுதா நான் கோவமா இருக்க முடியாது. எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் கோவமா இருக்கணும்."

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

ரொய் யோசித்தான். "சாயங்காலம் ஸ்கூல் மணி அடிக்கிற வரைக்கும்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். நாள் முழுக்க அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி மணி அடித்ததும் அவள் பக்கத்தில் வந்து, "சரி, வா. அத்தைகிட்ட போலாம். நான் கேட்டுக்கு வெளியவே நிப்பேன். பலகை இன்னும் அவங்க கையில இருக்கும்" என்றான்.

தொசிந்தா அத்தை குதிர்ப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு கதிரை எடுப்பார். தோகையை உரிப்பார். முகர்ந்து பார்ப்பார். நல்லது ஒரு கூடைக்கு, கெட்டது இன்னொரு கூடைக்கு. கெட்ட கூடைதான் சீக்கிரம் நிறைந்தது.

"அத்தை" என்றாள் அன்தியா. "ரொய் இல்ல. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். லூவாவைப் பற்றி, பலகையைப் பற்றி, பஸ் ஹாரனைப் பற்றி, நேற்று வாய் திறக்காமல் நின்றதைப் பற்றியும் சொன்னாள்.

அத்தை அவளையே பார்த்தார்.

"உன்கிட்டதானே சொல்லிட்டுப் போனேன்."

"தாழ்ப்பாள் போட்டேன் அத்தை."

"போட்டே. கதவைச் சாத்திட்டு வழியைத் திறந்து வெச்சுட்டுப் போயிருக்கே."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நானும் உக்காந்து உரிக்கட்டுமா அத்தை?"

"வேண்டாம். யாரும் எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். வீட்டுக்குப் போ."

அன்தியா வெளியே வந்தாள். கேட்டுக்கு வெளியே ரொய் காத்திருந்தான். இருவரும் மதில் மேல் எட்டி நின்று பார்த்தார்கள். அத்தை எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். மறுபடி உட்கார்ந்தார். அவர் ஒரு கூடை உரித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

"இப்படியே போனா கிறிஸ்துமஸ் ஆயிடும்" என்றான் ரொய். "அதுக்குள்ள எலி மிச்சத்தையும் முடிச்சுடும். அவங்களுக்கு ஒத்தாசை பண்ணலாம்னு பாத்தா, வேண்டாம்னுட்டாங்க. அவங்க கூப்பிடாம யாரு போவா?"

அன்தியா சட்டென்று அவனைப் பார்த்தாள்.

"டேய், தோகை உரிக்கிற நாளுக்கு உங்க அப்பா யாரையாவது கூப்பிடுவாரா?"

"அது என்ன கல்யாணமா, கூப்பிடுறதுக்கு? கதிரு குவிஞ்சிருக்குன்னு தெரிஞ்சா அவங்கவங்களே முக்காலியைத் தூக்கிட்டு வந்துடுவாங்க."

"வந்தவங்களைப் போன்னு சொல்லலாமா?"

"எப்படிச் சொல்ல முடியும்? உரிக்க வந்தவங்களைத் திருப்பி அனுப்பினா அந்த வீட்டு ரொட்டி மாவு வருஷம் முழுக்கப் பொங்காதுன்னு..." ரொய் பாதியில் நிறுத்தினான். அவன் முகம் மலர்ந்தது. "அடிப்பாவி!"

"அத்தை வீட்டுல இந்த வருஷம் இன்னும் உரிக்கவே இல்ல. கூப்பிடாமத்தான் போகணும். அதுதான் முறை" என்றாள் அன்தியா.

வெள்ளிக்கிழமை மாலை இருவரும் வீடு வீடாகப் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் அன்தியா முதலில் சொல்ல வேண்டியதைத்தான் முதலில் சொன்னாள்: "பலகையை வெச்சது ரொய் இல்ல, நான்." அதன் பிறகுதான் சனிக்கிழமையைப் பற்றிப் பேசினாள்.

முதல் வீடு ஓதிலா அக்காவுடையது. ஊர்ச் செய்தியெல்லாம் அங்கிருந்துதான் புறப்படும்.

"ஐயையோ, நீயா? நான் ரொய்தான்னு பதினோரு பேர்கிட்ட சொல்லிட்டேனே!"

"பரவாயில்ல அக்கா. அந்தப் பதினோரு பேர்கிட்டயும் மாத்திச் சொல்லிடுங்க" என்றான் ரொய்.

இரண்டாவது வீட்டில் படகு பழுது பார்க்கும் எலாதியோ மாமா. அவருக்குக் காது மந்தம். அன்தியா மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை அடிவயிற்றிலிருந்து கத்திச் சொன்னாள். அவருக்குக் கேட்டது. தெருவுக்கும் கேட்டது. நான்கு வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"அப்பாடா, நாலு வீட்டுக்கு நடக்கிற வேலை மிச்சம்" என்றான் ரொய்.

கடைசியாக ரொய்யின் வீடு. பிரைஸ் மாமா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மகனின் தலையில் கை வைத்தார்.

"நான் உன்னை நம்பியிருக்கணும்டா. தப்பு என்னுது."

"அப்போ சனிக்கிழமை நடை?"

"போ. நண்டு மட்டும் வேண்டாம்."

சனிக்கிழமை மதியம் வானம் மூடியிருந்தது. அத்தை குதிர்ப் படியில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார். கேட் கிரீச்சென்றது. முக்காலியோடு எலாதியோ மாமா வந்தார். பின்னால் ஓதிலா அக்கா, கக்கத்தில் கஞ்சிராவோடு. பிறகு பிரைஸ் மாமா, அன்தியாவின் அப்பா, அம்மா. இன்னும் இன்னும் ஆட்கள். கூடைகள், பாய்கள், கோணிகள்.

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தார்.

"யாரு உங்களையெல்லாம் கூப்பிட்டது?"

அன்தியா அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"என்ன தொசிந்தா, புதுசா கேக்கிறே? தோகை உரிக்க நீ என்னைக்கு எங்களைக் கூப்பிட்டிருக்கே?" என்றார் ஓதிலா அக்கா.

அத்தை எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வந்தவங்களுக்குக் குடுக்க வீட்டுல ஒரு துண்டு ரொட்டிகூட இல்ல" என்றார், குரல் தாழ்ந்து.

"நாங்க கொண்டாந்திருக்கோம்!"

அத்தை படியிலிருந்து விலகி வழிவிட்டார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! பிரைஸ் மாமா குதிருக்குள் நின்று கதிர்களை அள்ளி அள்ளிக் கொடுத்தார். வரிசையாக நின்றவர்கள் கை மாற்றி முற்றத்தில் குவித்தார்கள். பாதிக் குவியல் வெளியே வந்ததும் முதல் எலி குதித்தது. எலாதியோ மாமா, எழுபத்திரண்டு வயதில், முக்காலி மேல் ஒரே தாவாகத் தாவி ஏறினார். இரண்டாவது எலி கோணிக்குள் ஓடியது. மூன்றாவது எலி ஓதிலா அக்காவின் கால் மேலேயே ஏறி இறங்கியது. அவர் போட்ட கூச்சலில் எதிர் மதிலில் இருந்த கடற்காகங்கள் எல்லாம் பறந்துவிட்டன.

"நாலு! அஞ்சு! ஆறு!" என்று எண்ணினான் ரொய். "எல்லாம் குண்டு! நல்லா சாப்பிட்டிருக்கு!"

பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து உரித்தார்கள். கஞ்சிரா ஒலித்தது. பாட்டு கிளம்பியது. கேலி கிளம்பியது. அத்தை மத்தி ரொட்டியைத் துண்டு போட்டு, பெரிய துண்டை ரொய்யின் கையில் வைத்தார்.

"தின்னு. உன்னைத் தப்பா பேசிட்டேன்."

"இன்னொரு துண்டு குடுத்தா மறந்துடுவேன் அத்தை."

அத்தை இன்னொரு துண்டு கொடுத்தார்.

அன்தியாவுக்கும் ரொட்டி வந்தது. ஆனால் அத்தை அவள் முகத்தைப் பார்க்காமலேயே கொடுத்துவிட்டுப் போனார். அன்தியா வட்டத்தின் கடைசியில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் உரித்தாள். விரல் நுனியெல்லாம் எரிந்தது.

பொழுது சாய்வதற்குள் கணக்குத் தெரிந்துவிட்டது. கதவோரம் இருந்த நான்கில் ஒரு பங்கு வீணாகிப்போயிருந்தது. மீதி முழுக்க நல்ல கதிர். விதைக்கு ஊருக்கே போதும். அத்தை ஒரு கதிரைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அன்தியா ஒரு தோகையை உரித்தாள். உள்ளே கதிர் சிவப்பாக இருந்தது. முத்து முத்தாக, அடி முதல் நுனி வரை சிவப்பு.

ஆயிரம் வெள்ளைக் கதிருக்கு நடுவில் எப்போதாவது ஒன்று இப்படி வரும். கிடைத்தவர் எழுந்து, வட்டத்தில் இருக்கும் அத்தனை பேரையும் கட்டிப்பிடிக்க வேண்டும். ஒருவரையும் விடக்கூடாது. பிள்ளைகள் எல்லாம் அதற்காகவே போட்டி போட்டுக்கொண்டு உரிப்பார்கள்.

அன்தியா கதிரைச் சட்டென்று தோகைக் குவியலுக்குள் தள்ளினாள். அத்தனை பேரையும் என்றால், தொசிந்தா அத்தையையும்தான். ஊரே பார்க்க அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

யாரும் கவனிக்கவில்லை. பேசாமல் விட்டுவிடலாம். கை இன்னும் குவியலுக்குள்ளேயே இருந்தது.

புதன்கிழமையும் யாரும் கவனிக்கவில்லைதான். ஒன்றை ஒளித்து வைத்துப் பட்ட பாடு போதாதா?

"சிவப்பு!" என்று கத்தினாள் அன்தியா. கதிரைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

ஓவென்று சத்தம் எழுந்தது. கஞ்சிரா படபடவென்று முழங்கியது. அன்தியா முதலில் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு அப்பா. மாமா, அக்கா, எல்லோரும். எலாதியோ மாமா அவளை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். ரொய் விறைப்பாக நின்று, "சீக்கிரம் முடி, சீக்கிரம் முடி" என்றான். அவன் காது சிவந்துவிட்டது.

கடைசியில் தொசிந்தா அத்தை மட்டும் மீதி. அவர் படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. கஞ்சிரா நின்றுபோனது.

"அத்தை" என்றாள் அன்தியா. "உங்களுக்குப் பிடிக்கலன்னா வேண்டாம்."

அத்தை அவளைப் பார்க்கவில்லை. அந்த ஒரு எட்டு இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் அம்மாவுக்குக் கடைசியில முட்டி மடங்காமப் போச்சு. ஒன்பது வருஷம் இந்தப் படிக்குக் கீழயே நின்னா. அவ விதைச்ச கதிரு, அவளோட குதிரு. உள்ள எப்படி இருக்குன்னு என்னைத்தான் கேப்பா. நான் மேல நின்னு சொல்வேன்." அத்தை கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு பலகையை எடுத்துப் போட எனக்குத் தோணவே இல்ல அன்தியா. ஒன்பது வருஷத்துல ஒரு நாள்கூட."

அன்தியா சிவப்புக் கதிரைப் பிடித்தபடி நின்றாள்.

"என்ன நின்னுகிட்டே இருக்கே? வா" என்றார் அத்தை. இரண்டு கைகளையும் நீட்டினார்.

அன்தியா ஓடிப்போய் விழுந்தாள். அத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார். கஞ்சிரா மறுபடி தொடங்கியது. பாட்டு ஒன்று முடிந்து இன்னொன்றும் தொடங்கிவிட்டது.

"அத்தை, போதும், விடுங்க! அவளுக்கு மூச்சு முட்டப் போகுது!" என்றான் ரொய்.

"நீ சும்மா இருடா" என்றார் அத்தை. விடவில்லை.